பழைய மேனுவல் லென்ஸில் வெளிச்சத்தைச் சரியாக அளப்பது எப்படி?

அடாப்டரில் (வேறு வகை லென்ஸைக் கேமராவில் பொருத்த உதவும் வளையம்) மாட்டிய பழைய லென்ஸ் எந்த அப்பர்ச்சரில் (வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு) இருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது, ஆனால் உள்ளே வரும் வெளிச்சத்தை அளக்கத் தெரியும், அது போதும். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும் வசதியை ஆன் செய்துவிட்டு, அப்பர்ச்சர் பிரையாரிட்டிக்கு (அப்பர்ச்சரை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் முறை) மாறுங்கள். எஃப்/2இல் முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்யுங்கள், அப்புறம் வளையத்தை எஃப்/8க்குத் திருப்பினால் நான்கு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). ஷட்டர் 1/2000இல் இருந்தது 1/125க்கு இறங்குவதைத் திரையிலேயே பார்க்கலாம். ஃபோகஸை மட்டும் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், சில லென்ஸ்களில் அது லேசாக நகரும்.

டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) என்றால் கவனம். வியூஃபைண்டர் வழியாக அளக்கும்போது, அப்பர்ச்சரைச் சுருக்கச் சுருக்க ஃபோகசிங் ஸ்கிரீனால் (வியூஃபைண்டருக்குள் பிம்பம் விழும் திரை) அளவு தப்பலாம். லைவ் வியூவில் சென்சாரே அளப்பதால் அந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமை (படத்தின் இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் வரைபடம்) பாருங்கள். வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 2/3க்குக் கொண்டுபோங்கள்.