மூன்று வகை தெரிந்தால் குதிக்காதீர்கள்

இதுவரை யாரும் பதியாத திசு வகை ஒரு கொடையாளரிடம் தெரிந்தால் அதை எப்படி உறுதிசெய்வது என்பதுதான் விஷயம். முதலில் முகாம். கோத்தகிரியில் எலும்பு மஜ்ஜை கொடையாளர் முகாம் போட்டால் எனக்கு முதல் எதிரி மேகம்தான். கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தெடுத்த பஞ்சுக் குச்சியை, அதாவது ஸ்வாப்பை, ஈரத்தோடு உறையில் ஒட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். நன்றாக உலரவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். டீ குடித்துவிட்டு வருகிறவர்களை வாய் கொப்பளிக்கச் சொல்லி அரை மணி உட்காரவைப்பேன். தேயிலை பறிக்கிறவர்களுக்கு அரை மணி என்பது கூலி. முகாமை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

1952-லேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு பதிவாகியிருக்கிறது. அதைக் குணப்படுத்த மஜ்ஜை மாற்றலாம். ஆனால் உடன்பிறந்தவரின் திசு வகை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். அதனால்தான் இங்கே ஸ்வாப்பும் கையுமாக அலைகிறேன்.

சரி, ஆய்வகத்துக்கு வருவோம். திசு வகையைத் தீர்மானிக்கும் ஹெச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. இதுவரை தெரிந்த வகைகள் 40,000-க்கும் மேல், எல்லாம் ஐ.எம்.ஜி.டி./ஹெச்.எல்.ஏ. தரவுத்தளத்தில் உண்டு. அதில் உள்ள எல்லாவற்றிலிருந்தும் டி.என்.ஏ. வரிசையில் ஓர் எழுத்தாவது வேறுபட்டால் புதிது என்று சந்தேகிக்கலாம். சந்தேகம் மட்டும்தான்.

ஒருவரிடம் ஒரு மரபணுவுக்கு அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று. மூன்று தெரிந்தால் மாதிரி கலந்துவிட்டது. எனக்கு ஒருமுறை அப்படி வந்தது: அண்ணன் தம்பி ஸ்வாப் இரண்டும் ஒரே உறையில். ஒட்டியது நான்தான்!

டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் நானோபோர் கருவி ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடத்தில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ எண்ணிவிடும். அங்கே "புதிது" என்று வந்தால் நான் நம்பவே மாட்டேன்; சாங்கர் என்ற வேறொரு வரிசை படிக்கும் முறையில் மறுபடி படிப்பேன். மாற்றம் அம்மா வழி, அப்பா வழி இரண்டில் எந்தப் பிரதியில் இருக்கிறது என்பதையும் பிரித்தறிய வேண்டும். பெற்றோர் ஸ்வாப் கிடைத்தால் வேலை சுலபம்.

அப்புறம், அதே ஆளிடம் இன்னொரு ஸ்வாப் எடுக்க வேண்டும்; அதற்கு அவரைப் போனில் பிடிக்க வேண்டும். ஹட்டிக்குள் (படுகர் ஊர்) பல நேரம் சிக்னல் இருக்காது. பதிவு செய்யும்போதே சொந்தக்காரர் எண் ஒன்றும் வாங்கி வையுங்கள். வரிசையை வெளியிட கொடையாளருடைய சம்மதத்தையும் அப்போதே கேளுங்கள்.

உறுதியானதும் ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவு வங்கியில் வரிசையைப் பதிந்து, அங்கே தரும் எண்ணோடு ஹெச்.எல்.ஏ. தரவுத்தளத்துக்கு அனுப்ப வேண்டும். பெயர் வைப்பது உலக சுகாதார நிறுவனத்தின் பெயரிடு குழு. "எங்க ஹட்டி பேரை வெப்பாங்களா?" என்றார் ஒரு அம்மா. "நம்பர்தாம்மா வரும். ஏ*24:02 மாதிரி. முதல்ல இருக்கறது குடும்பம், அடுத்தது புரதம்" என்றேன். அவருக்குத் திருப்தியில்லை.

பெயர் வந்த அன்றே கொடையாளர் பதிவேட்டிலும் வகையைத் திருத்திவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.