தண்டுவடம் அடிபட்டவர் வீடு திரும்பும் முன்: கழிப்பறையை முதலில் அளந்து பாருங்கள்

மரத்திலிருந்து விழுந்தோ பைக் விபத்திலோ தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் வீடு திரும்புகிறவருக்கு எல்லோரும் முதலில் ஏற்பாடு செய்வது வீல்சேர். அது வேண்டியதுதான். ஆனால் காலையில் யாரையும் கூப்பிடாமல் அவர் கழிப்பறைக்குப் போய்க் குளித்துவிட்டு வர முடியாவிட்டால், வீல்சேர் திண்ணையோடு நின்றுவிடும். அதனால் டிஸ்சார்ஜ் தேதி தெரிந்ததுமே மறுவாழ்வுக் களப்பணியாளர் ஒருவர் டேப்போடு வீட்டுக்குப் போக வேண்டும்.

முதல் சிக்கல் கதவு. நம் வீடுகளில் பாத்ரூம் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி. நிலையும் கதவின் தடிமனும் போக மிஞ்சும் இடத்தில் வீல்சேர் நுழைந்தாலும் சக்கரம் தள்ளும் விரல்முட்டி நிலையில் உரசித் தோல் உரியும். வழி 32 அங்குலமாவது வேண்டும். நிலையை இடிக்க வசதியில்லை என்றால் கதவைக் கழற்றிவிட்டுக் கனமான திரை போடுங்கள். கதவு வைப்பதானால் வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

அடுத்து உயரம். கடையில் கிடைக்கும் வெஸ்டர்ன் டாய்லெட் ஏறத்தாழ 16 அங்குலம். குஷனோடு சேர்த்து வீல்சேரின் இருக்கை 20 அங்குலம் வரை வரும். போவது எளிது, திரும்பி ஏறுவதுதான் முடியாது. அதனால் டாய்லெட்டுக்கு அடியில் மேடை கட்டி இரண்டையும் சமமாக்குங்கள். மேடை டாய்லெட்டின் அடிப்பாகத்தைவிட அகலமாக இருந்தால் வீல்சேரின் கால்மிதி இடித்து, நாற்காலி பக்கத்தில் ஒட்டி நிற்காது. கொத்தனாரிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அழகுக்காக அகலமாகவே கட்டிவிடுவார்.

கைப்பிடிக் கம்பிக்கு ஒன்றரை அங்குலப் பைப் போதும். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி விடுங்கள். துண்டு போடும் கம்பி இதற்கு உதவாது. செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் பிடிக்கும். ஹாலோ பிளாக் சுவரானால் உள்ளே வெற்றிடம். தரையில் கால் ஊன்றிய கம்பிதான் பாதுகாப்பு. மாட்டி முடித்ததும் ஒரு பெரிய ஆளைத் தொங்கச் சொல்லிப் பாருங்கள். குழாயும் மக்கும் உட்கார்ந்தபடியே எட்ட வேண்டும். ஒரு போனையோ விசிலையோ தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். விழுந்தவருக்கு அந்த உயரம்தான் எட்டும்.

வாசலில் சாய்தளத்துக்குக் கணக்கு 1:12. ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். ஏழு அங்குலப் படி இரண்டு என்றால் 14 அடி. ‘இரண்டு படிதானே’ என்று நாலடியில் முடித்துவிடுவார்கள். அதில் தனியாக ஏறினால் பின்பக்கம் குடைசாயும், இறங்கினால் முன்பக்கம் கவிழும். இடமில்லாவிட்டால் நடுவில் ஐந்தடிச் சமதளம் விட்டு ‘ட’ போலத் திருப்புங்கள். அகலம் மூன்றடிக்குக் குறையக் கூடாது. இரண்டு ஓரமும் இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கட்டும். டைல்ஸ் வேண்டாம், ஈர சிமெண்டில் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்தால் மழையிலும் சக்கரம் வழுக்காது. அடுத்த மாதமே அதில் யாராவது பைக் நிறுத்துவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீல்சேரை ஆளுக்கு அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். இருக்கையின் அகலம் இடுப்பைவிட இரண்டு அங்குலம் கூடுதல். ஆழம், முழங்காலின் பின்மடிப்புக்கு இரண்டு அங்குலம் முன்பே முடிய வேண்டும். பெரிய நாற்காலியில் உடம்பு ஒருபக்கம் சாய்ந்து அந்தப் பக்க எலும்பின் மேல் புண் வரும். பஞ்சுத் தலையணை குஷன் ஆகாது. உட்கார்ந்திருக்கும்போது அரைமணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் புட்டத்தின் மேல் உள்ள பாரத்தை எடுக்க வேண்டும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரள வேண்டும். இரவில் கண்ணாடி வைத்துப் புட்டம், குதிகால், வால் எலும்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்போ கருமையோ அரைமணியில் மறையாவிட்டால் அந்த இடத்தில் மறுபடி பாரம் படக் கூடாது. சூடான டீ டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு வீல்சேர் தள்ளுகிறவர்கள் உண்டு. தொடை வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

காயம் நெஞ்சின் 6-ஆவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ இருந்தால், திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலியும் முகத்தில் வியர்வையும் வரும்போது படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். சிறுநீர் ட்யூப் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். குறையாவிட்டால் 108.

தமிழ்நாட்டில் யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைதான் மற்ற உதவிகளுக்குச் சாவி. அரசு மருத்துவர் பாதிப்பின் சதவீதத்தைக் குறிப்பார். 40-க்குக் கீழ் என்றால் பெரும்பாலான திட்டங்கள் கிடையாது. கடும் பாதிப்புள்ளவர்களுக்கான பராமரிப்புத் தொகை 2023-ல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. வீல்சேர், இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் மனுக்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதைச் சொல்லித்தர, அதே காயத்தோடு பல வருடம் வாழ்கிற ஒருவரை அழைத்து வருவதுபோல் வேறில்லை. வேலூர் சிஎம்சியில் மறுவாழ்வு மையத்தை 1966-ல் உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் வீல்சேரில் இருந்தவர். தென்காசி பக்கத்து ஆய்க்குடியில் 1981-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். முதல் பாடம் எப்போதும் ஒன்றே: பிரேக் போடு, இரண்டு பாதமும் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார், பிறகு உடம்பைத் தூக்கு; இழுக்காதே. இழுத்தால் தோல் கிழியும். பக்கத்தில் நிற்பவர், மாறுகிறவருடைய பெல்ட்டைத் தொட்டபடி நின்றால் போதும். அவர் கேட்காமல் தூக்க வேண்டாம்.