ஊட்டியில் பழைய ஃபோர் வீல் ஜீப்பை விற்றபோது

மகிந்திரா எம்எம் 540, டிஎன் 43 பதிவு. பார்க்க வந்த இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காகத் திரும்பிப் போனார்கள். நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசையை அனுப்பும் ஃபோர் வீல் லீவரைப் போட்டால் கழற்ற வரவில்லை, கியர் பாக்ஸ் போச்சு என்று நினைத்துவிட்டார்கள். பாக்ஸில் குறையே இல்லை. இந்த வண்டியில் முன், பின் ஆக்ஸிலுக்கு (சக்கர அச்சு) நடுவே, வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. தார் ரோட்டில் திரும்பும்போது முன்சக்கரம் கூடுதல் தூரம் ஓடும். டயர் வழுக்காததால் சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் ஷாஃப்ட் முறுக்கேறி லீவர் இறுகிவிடும். ஸ்டியரிங்கை நேராக்கி பத்தடி ரிவர்ஸ் எடுத்தால் விட்டுவிடும்.

ஆனால் நேர் ரோட்டிலும் இறுகியது. முன்னால் புது டயர், பின்னால் மொட்டை, சுற்றளவு வேறு. நான்கையும் ஒரே செட்டாக மாற்றியதும் சரியானது. அதன்பின் தேயிலைத் தோட்ட மண்பாதையில் மட்டுமே ஓட்டிக் காட்டினேன்.

மலை ஈரத்தில், வண்டிச் சட்டத்தில் பொறித்த சேசிஸ் நம்பர் துருவில் மறைந்திருந்தது. மண்ணெண்ணெய்த் துணியை ஒரு ராத்திரி சுற்றி ஊறவைத்துத் துடைத்து கிரீஸ் பூசுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். எழுத்து தேய்ந்தால் ஆர்டிஓ சோதனையில் சந்தேகம் வரும். ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு பிடிக்கும் ஸ்பிரிங் ஹேங்கரின் துருவைப் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். மலைப்பாதையில் அது ஓட்டுபவரின் உயிர்.

15 வருடம் கடந்த வண்டிக்கு ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பித்த பிறகே விலை பேசுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. கேரளாவுக்குப் போனால் படிவம் 28 தடையில்லாச் சான்றும் வேண்டும். பெயர் மாறும்வரை விபத்துப் பொறுப்பு ஆர்சியில் பெயர் உள்ளவருக்கே. டெலிவரி சீட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.