சார்தீனிய இரட்டை மெய்கள்: எழுத்தை எண்ணி ஏமாறாதீர்கள்

இத்தாலியின் சார்தீனியத் தீவு மொழியில் 'மானு' என்றால் கை, 'மன்னு' என்றால் பெரிய. 'காரு' அன்புக்குரியவன், 'கர்ரு' வண்டி. கனியையும் கன்னியையும் குழப்பிக்கொள்ளாத நமக்கு இதெல்லாம் எளிது என்று தோன்றும். அந்தத் தைரியத்தில்தான் சறுக்குகிறோம்.

மேலே 'மானு' என்று நெடில் போட்டிருக்கிறேன். அங்கே குறில் நெடிலால் பொருள் மாறுவதில்லை. ஒற்றை மெய்க்கு முன் உயிர் தானாகச் சற்று நீளும், அவ்வளவுதான். கவனம் மெய்யில் இருக்க வேண்டும். 'கர்ரு'வைக் 'கற்று' என்று எழுதிப் பழகுவதும் வேண்டாம். நம் ற்ற வேறு ஒலி. அங்கே ரகரமே நாவில் நீண்டு உருள வேண்டும்.

பெரிய தவறு, எழுத்துகளை எண்ணுவது. 2006இல் மண்டல அரசு ஏற்ற பொது எழுத்துமுறையான லிம்பா சார்தா கொமூனாவில், 'செய்த' என்ற பொருள் தரும் 'ஃபத்து'வுக்கு ஒரே ஒரு 't'தான். உச்சரிப்பிலோ அழுத்தமான த்த். உயிர்களுக்கு நடுவே வல்லொலி நின்றால் அது நீண்டதாகவே இருக்கும் என்பதால் இரண்டாவது எழுத்தை விட்டுவிட்டார்கள். மாறாக, இரட்டை 'd' நீண்ட தகரம் அல்ல. நாக்கை மடித்துச் சொல்லும், 'கூடு'வில் வரும் டகரத்தின் நீண்ட வடிவம். லத்தீனின் இரட்டை லகரம் இப்படி மாறியது. லத்தீன் காஸ்தெல்லும் (கோட்டை), கால்யாரி நகரத்தின் சார்தீனியப் பெயரான காஸ்தெட்டு ஆனது இப்படித்தான். அந்த ட்டு-வை நம் 'பட்டு' போல வன்மையாகச் சொல்லிவிடாதீர்கள்.

சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வோர் இன்னொன்றைத் தவறவிடுகிறார்கள். 'காசு' என்றால் அங்கே பாலாடைக்கட்டி. (பண ஆசை வேண்டாம்.) 'சு காசு' என்று சுட்டுச்சொல் முன்னே வந்தால், ககரம் நம் 'அகம்' போலத் தேய்கிறது. 'பானே எ காசு', அதாவது ரொட்டியும் பாலாடைக்கட்டியும் என்னும்போது, க்காசு என்று மிகுகிறது. 'எ' லத்தீன் 'எத்' என்பதன் எச்சம். தொலைந்த தகரம் அடுத்த மெய்யை இரட்டிக்கிறது. வலி மிகும் இடம் அங்கும் உண்டு, எழுத்தில்தான் காட்டமாட்டார்கள்.

இவற்றைத் தீவின் நடுப்பகுதியிலுள்ள நுவோரோ பக்கம் அப்படியே கொண்டுபோகவும் கூடாது. சக்கரத்தைக் குறிக்கும் லத்தீன் 'ரோத்தா' (rota, ஒற்றை 't'தான்) மற்ற இடங்களில் மென்மையான 'ரோதா' ஆகிவிட, நுவோரோவில் பழைய வல்லொலி தேயாமல், நீளாமல் ஒற்றையாகவே நிற்கிறது.