பழைய எஃகு சைக்கிள் பிரேமை மீட்டெடுப்பது எப்படி? பெயிண்ட் கடைசி வேலை

பழைய பிரேம் ஒன்று கைக்கு வந்ததும் பெயிண்ட் எப்படி இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. பெடல் பக்கம் சாய்ந்து இறங்குகிற டவுன் டியூபின் அடிப்பக்கத்தை, ஹேண்டில்பார் நிற்கிற ஹெட் டியூபிலிருந்து ஒரு சாண் தூரம் வரைக்கும், விரல் நுனியால் மெதுவாகத் தடவுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் இன்னும் நல்லது. முன்சக்கரம் எப்போதாவது எதிலாவது பலமாக மோதியிருந்தால் குழாய் அங்கேதான் மடிந்திருக்கும். கண்ணுக்குத் தப்பிவிடுகிற சின்ன மேடும் விரலுக்குத் தட்டுப்படும். மேலே கிடையாக ஓடுகிற டாப் டியூபின் அடியிலும் இப்படியே பாருங்கள். பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் அரை வளையமாக வெடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது மோதிய பிரேம்.

ஏன் சரியாக அந்த இடம்? நல்ல பிரேம்களின் குழாய்கள் நெடுக ஒரே தடிமனில் இருப்பதில்லை. லக் என்கிற இணைப்பு உறைக்குள் நுழைகிற முனைகள் தடித்தவை, நடுப்பகுதி மெல்லியது. 1935-இல் வந்த ரெனால்ட்ஸ் 531 குழாயை எடுத்துக்கொண்டால், அதன் மெல்லிய வகைகளில் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். தடிப்பு முடிந்து மெலிவு தொடங்குகிற இடத்தில்தான் குழாய் மடியும். இந்த அரை மில்லிமீட்டரை மனதில் வைத்துக்கொண்டால், பிறகு எந்த வேலைக்கு எந்தக் கருவியைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்பதும் தானாகப் புரிந்துவிடும். கிரைண்டர் இந்த வேலைக்கு ஆகாது.

தடவிப் பார்த்தாயிற்று என்றால் அடுத்தது நூல். நீளமான நூலைப் பின்சக்கரம் மாட்டுகிற ஒரு பக்கக் காடியில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கக் காடியில் இழுத்துக் கட்டுங்கள். இப்போது சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பின்பகுதி நேராக இருக்கிறது. மூன்று, நான்கு என்று வந்தால் வளைந்திருக்கிறது. எஃகு என்பதால் திருத்திவிடலாம், ஆனால் வேலையில் இறங்கும் முன்பே அது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இனி கழற்றுவது. பொறுமையை அதிகம் கேட்பது, சீட்டைத் தாங்கிச் சீட் டியூபுக்குள் இறங்குகிற சீட் பில்லர்தான். அலுமினிய பில்லர் எஃகுக் குழாய்க்குள் பல வருடம் அசையாமல் கிடந்தால், ஈரமும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். அரிப்பில் உண்டாகிற வெள்ளைத் தூள் முன்பிருந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பில்லர் பற்றவைத்தது போல இறுகிவிடுகிறது. என்னிடம் இருக்கும் கரும்பச்சை 531 பிரேமில் அதை எடுக்க எனக்கு 11 நாள் ஆனது. பிரேமைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, பெடல் அச்சு சுழலுகிற பாட்டம் பிராக்கெட் ஓட்டை வழியாகச் சீட் டியூபுக்குள் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றினேன். தினமும் காலையில் கொஞ்சம், ராத்திரியில் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் பில்லரின் தலையை ரப்பர் சுத்தியலால் நாலு பக்கமும் லேசாகத் தட்டினேன். அதிர்வில்தான் எண்ணெய் இடுக்கில் இறங்கும். பதினோராம் நாள் பில்லரைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்தேன். ஒரே அளவு குளிர்ச்சிக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். பில்லரை வைஸில் பிடித்து, பிரேமையே நெம்புகோலாக வைத்து ஒரு நூலளவு அந்தப் பக்கம், ஒரு நூலளவு இந்தப் பக்கம் திருப்பினேன். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் ஒரேயடியாகத் திருகிவிடக் கூடாது. திரும்பவும் எண்ணெய், திரும்பவும் முன்னும் பின்னுமாக அசைப்பது என்று ஒரு மணி நேரம் போனது. வெளியே வந்த பில்லரின் மேலெல்லாம் சுண்ணாம்பு போல வெள்ளை.

எதற்கும் அசையாத பில்லரைக் காஸ்டிக் சோடா ஊற்றிக் கரைக்கிறவர்கள் உண்டு. அலுமினியம் கரைந்துவிடும், எஃகு தப்பிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும், தெறித்தால் தோலும் கண்ணும் போகும், பெயிண்டும் மிஞ்சாது. நான் அதைச் செய்வதில்லை, செய்யச் சொல்லவும் மாட்டேன். பில்லரின் மேல்பகுதியை அறுத்துவிட்டு, உள்ளே ஹாக்ஸா பிளேடை விட்டு நெடுக ஒரு கீறல் போட்டு மடக்கி எடுப்பது நிதானமான வழி. பிளேடு அலுமினியத்தைத் தாண்டி எஃகைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பாட்டம் பிராக்கெட். ஸ்பேனரை எடுக்கும் முன் வெர்னியர் அளவுகோலை எடுங்கள். அச்சு உட்காரும் கூடான ஷெல்லின் அகலம் 70 மில்லிமீட்டர் என்றால் அநேகமாக இத்தாலிய மரை, அச்சின் இரு பக்கமும் திருகி நிற்கிற இரண்டு கப்பும் வழக்கமான வலது மரை. 68 என்றால் பெரும்பாலும் ஆங்கில மரை. அதில் செயின் பக்கத்துக் கப் இடது மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பழைய பிரெஞ்சு பிரேமும் 68 தான், ஆனால் இரண்டு பக்கமும் வலது மரை. கப்பின் முகத்தைத் துடைத்துப் பார்த்தால் பல சமயம் அதிலேயே பொறித்திருக்கும்: 1.37 x 24 ஆங்கிலம், 36 x 24 இத்தாலி, 35 x 1 பிரெஞ்சு. இதைப் படிக்காமல் என் இரண்டாவது பிரேமில் ஓர் இடது மரைக் கப்பை அரைமணி நேரம் இறுக்கிக்கொண்டே இருந்தேன். மரை பிழைத்தது அதிர்ஷ்டம். அன்றிலிருந்து அளக்காமல் நான் எதையும் திருப்புவதில்லை.

ஸ்பேனர் வழுக்குகிற இடது மரைக் கப்புக்கு ஒரு நல்ல வழி உண்டு. தடித்த போல்ட் ஒன்றை உள்ளிருந்து கப்பின் ஓட்டை வழியாக வெளியே விட்டு, இருபுறமும் பெரிய வாஷர் வைத்து, வெளியே நட்டைப் போட்டுக் கடிகாரத் திசையில் இறுக்குங்கள். நட்டு இறுகி நின்ற பிறகும் தொடர்ந்து திருப்பினால் கப் அதோடு சேர்ந்து சுற்றி வெளியே வரும்.

எல்லாம் கழன்ற பிறகுதான் துரு. முதல் பிரேமை நான் மணல் வீச்சுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பளபளவென்று சாம்பல் நிறத்தில் இருந்தது. லக்கின் விளிம்பைத் தொடர்ந்து யாரோ கையால் இழுத்திருந்த தங்கக் கோடு போயிருந்தது. மரைகளுக்குள் மணல் ஏறியிருந்தது. அந்தக் கோட்டை இன்று வரை என்னால் திரும்ப வரைய முடியவில்லை. அதனால் இப்போது, முக்கால்வாசி பெயிண்ட் பிழைத்திருந்தால் அதை அப்படியே காப்பாற்றிவிடுகிறேன். கீறலும் தேய்மானமும் இருக்கட்டும்.

துரு மட்டும் போய்ப் பெயிண்ட் தங்குவதற்கு ஆக்ஸாலிக் அமிலம் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் அளவில் கரைத்து, பிரேம் முழுவதும் மூழ்குகிற தொட்டியில் ஒரு ராத்திரி வைப்பேன். தொட்டி இல்லையென்றால் துணியை நனைத்துத் துருவின் மேல் சுற்றி, காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். முன்னதாகக் கண்ணுக்குப் படாத மூலையில் பெயிண்ட் நிறம் மாறுகிறதா என்று சோதித்துவிடுங்கள். அலுமினிய பாகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. இது விஷம். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம், தூள் பறக்கும்போது மூச்சில் போகவே கூடாது. வெளியே எடுத்ததும் நன்றாகக் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரில் ஒரு முறை அலசி, உடனே சூடான காற்றில் உலர்த்துங்கள். ஒரு மணி நேரம் ஈரமாக விட்டால் புதுத் துரு பூத்துவிடும். குரோம் முலாம் பூசிய இடங்களில் மேலாக இருக்கும் துருவுக்கு அமிலம்கூட வேண்டாம், கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே வந்துவிடும்.

பழைய பிரேம் பெரும்பாலும் உள்ளிருந்துதான் சாகும். குழாய்க்குள் மெழுகு கலந்த துரு தடுப்பு ஸ்பிரே அடித்து, பிரேமை எல்லாப் பக்கமும் உருட்டி ஒரு நாள் வடியவிடுங்கள். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் இதற்கு ஆகும். ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக் கூடியது அது. விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

இப்போது பின்சக்கரக் காடிகள் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஐந்து பல்சக்கர காலத்து பிரேமில் 120 மில்லிமீட்டர் இருக்கும், ஆறு ஏழுக்கு 126, எட்டிலிருந்து ரோடு சைக்கிள்களில் 130. 126-இல் 130 ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) கையால் விரித்தே நுழைத்துவிடலாம். 120 என்றால் பிரேமை நிரந்தரமாக விரிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, ஒவ்வொரு முறையும் அந்த நூலைக் கட்டி அளந்துதான் செய்ய வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக இழுத்தால் மெலிந்த பக்கம் மட்டும் வளையும். முடிந்தபின் டிராப்அவுட் என்கிற அந்தக் காடிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அச்சு ஒடியும். அலுமினியம், கார்பன் பிரேம்களில் இதை முயலவே கூடாது.

சக்கரம் வாங்கும் முன் பழைய டயரின் எண்ணைப் பாருங்கள். 630 என்றால் 27 அங்குலம், 622 என்றால் 700சி. 27 அங்குலத்திலிருந்து 700சி-க்கு மாற்றினால் பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். அந்த அளவு இறங்குகிற பிரேக்கா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது பேரிங்கின் பழைய பால்ஸைத் திரும்பப் போடாதீர்கள். பாட்டம் பிராக்கெட்டுக்குக் கூண்டு இல்லாமல் கால் அங்குல பால்ஸ் பக்கத்துக்கு 11, கிரீஸில் பதித்து வைத்தால் விழாது. ஆட்டம் போகும் வரை கப்பை இறுக்கி, அச்சை இரண்டு விரலால் சுற்றிப் பாருங்கள். மணல் உரசுவது போலத் தெரிந்தால் ஒரு முடி அளவு தளர்த்தி, பூட்டு வளையத்தை இறுக்குங்கள். இறுக்கும்போது கப் சேர்ந்து நகரும், அதனால் மூன்று நான்கு முறை செய்ய வேண்டி வரும்.

புது சீட் பில்லர் சரியான அளவில் இருக்கட்டும். அளவுகள் 0.2 மில்லிமீட்டர் படியாக ஏறும். மெல்லிய குழாயுள்ள நல்ல பிரேம்களில் பெரும்பாலும் 27.2 வரும், ஆனால் நம்பிவிடாமல் அளந்து பாருங்கள். சீட் லக்கின் இரண்டு காதுகளும் மேலே ஒன்றையொன்று நெருங்கிச் சாய்ந்திருந்தால், முன்பு யாரோ சின்ன பில்லரைப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அதை நிமிர்த்திவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

என் பச்சை பிரேமில் இப்போது இருப்பதும் 27.2 தான். நல்ல தடிமனாக கிரீஸ் பூசி இறக்கியிருக்கிறேன். உயரம் மாறாமல் இருக்க பில்லரில் ஒரு சுற்று டேப் ஒட்டி, வருடத்துக்கு இரண்டு முறை அதை முழுசாக உருவி, துடைத்து, புது கிரீஸ் போட்டுத் திரும்ப அதே கோட்டில் நிறுத்துகிறேன். ஐந்து நிமிட வேலை.