அமெரிக்கால வீட்டுல ஏடிவி, டர்ட் பைக், ட்ரெய்லர் நிறுத்துனதுக்கு சிட்டி நோட்டீஸ் வந்துச்சா? மொதல்ல அளக்குற டேப்பை எடுங்க

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு வந்தா வாசக்கதவு கைப்பிடில ஆரஞ்சு கலர்ல ஒரு அட்டை தொங்குது. பீட்சா கூப்பன்னு நெனச்சு குப்பைல போடப் போனேன், திருப்பிப் பாத்தா சிட்டி முத்திரை. ஃப்ரன்ட் யார்டுல ரெக்ரியேஷனல் வெஹிக்கிள் (பொழுதுபோக்கு வண்டி) நிக்குது, 10 நாளுக்குள்ள எடுக்கணும்னு கட்டத்துல டிக் அடிச்சு வச்சிருக்காங்க. என்கிட்ட இருந்தது ஒரு ஏடிவி (காட்டுல மேட்டுல ஓட்டுற நாலு சக்கர வண்டி), பையனோட சின்ன டர்ட் பைக் (மண் பாதைல ஓட்டுற பைக்), ரெண்டையும் ஏத்திட்டுப் போற 12 அடி ட்ரெய்லர், அவ்ளோதான். டிரைவ்வே ஓரமா புல்லு மேல நிறுத்தியிருந்தேன், குளிர்காலம் பூரா அங்கயே நின்னதால ட்ரெய்லரை நகத்துனா அதே அளவுக்கு கட்டம் போட்ட மாதிரி புல்லு மஞ்சளா செத்துக் கெடக்கு, நேத்துதான் நிறுத்துனேன்னு பொய் சொல்லக்கூட வழியில்ல.

என் வீடு, என் எடம், வருஷா வருஷம் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கட்டுறேன், இவன் யாரு கேக்கன்னுதான் எல்லாருக்கும் மொதல்ல தோணும், எனக்கும் தோணுச்சு. அமெரிக்கால அந்த வாதம் செத்து நூறு வருஷம் ஆவுது. 1926லயே யூக்ளிட் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு, ஜோனிங் போட, அதாவது எந்த எடத்துல என்ன இருக்கலாம்னு ரூல் போட, ஊருக்கு அதிகாரம் உண்டுன்னு சொல்லிருச்சு. ஃப்ளோரிடால கோரல் கேபிள்ஸ்னு ஒரு ஊரு, அங்க பிக்கப் டிரக்கையே ராத்திரி வீட்டு வாசல்ல நிறுத்தக்கூடாது, மூடுன கேரேஜுக்குள்ளதான் இருக்கணும்னு ரூல் வச்சிருந்தாங்க. ஒருத்தர் கோர்ட்டுக்குப் போயி, மொதல்ல ஜெயிச்சு, 2010ல அப்பீல் கோர்ட்டு முழு பெஞ்ச்ல தோத்துட்டாரு. கடைசில 2012ல ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் அந்த ரூலை மாத்துனாங்க. அதனால உரிமைன்னு பேச ஆரம்பிச்சா வக்கீல் ஃபீஸ்தான் மிச்சம். ஜெயிக்குற எடம் வேற. சட்டத்துல உங்க வண்டிக்கு என்ன பேரு வச்சிருக்கான், உங்க எடத்தோட எல்லைக்கோடு நெஜமா எங்க ஓடுது, இந்த ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு பேசுனா நோட்டீஸ் போட்ட சிட்டி ஆபீசர் ஒரு மாதிரி பேசுவாரு, இல்லாமப் பேசுனா வேற மாதிரி பேசுவாரு.

மொதல்ல எந்த ஊரு சட்டம்னு பாருங்க. இதுல நெறைய பேரு ஏமாறுறாங்க, லெட்டர்ல வர்ற அட்ரஸ்ல ஊர் பேரு இருக்குங்குறதுக்காக நீங்க அந்த சிட்டி லிமிட்டுக்குள்ள இருக்கீங்கன்னு அர்த்தம் இல்ல, அது போஸ்ட் ஆபீஸ் வசதிக்கு வச்சது, வீடு கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) எல்லைக்குள்ள மட்டும் இருக்கலாம், அப்படின்னா சிட்டி கோட், அதாவது ஊரோட சட்டத் தொகுப்பு, உங்களுக்குப் பொருந்தாது, கவுன்ட்டி கோட்தான், அது பெரும்பாலும் கொஞ்சம் தாராளமா இருக்கும். கவுன்ட்டி சைட்ல பார்சல் மேப்புன்னு, ஒவ்வொரு மனையையும் காட்டுற வரைபடம் ஒண்ணு இருக்கும், வீட்டு அட்ரஸ் போட்டா தெரிஞ்சுரும், 5 நிமிஷ வேலை.

அப்புறம் அந்தச் சட்டத் தொகுப்பை எடுங்க. முக்காவாசி ஊருங்க தங்களோட சட்டப் புத்தகத்தை முனிகோடு, ஈகோடு360, அமெரிக்கன் லீகல் இந்த மாதிரி சைட்லதான் போட்டு வச்சிருக்காங்க, காசு கெடையாது. ஏடிவின்னு மட்டும் தேடிட்டு ஒண்ணும் இல்லன்னு சந்தோசப்படாதீங்க, அங்கதான் பொறி இருக்கு. டெஃபினிஷன்ஸ்னு ஒரு பகுதி இருக்கும், அதைப் படிங்க. ஒரு ஊருல ரெக்ரியேஷனல் வெஹிக்கிள்னா மோட்டார் ஹோம், கேம்பர் (உள்ள தங்குற மாதிரியான வண்டிங்க), படகு மட்டும்தான்னு எழுதியிருப்பான், பக்கத்து ஊருல அதே வார்த்தைக்குள்ள ஏடிவி, ஸ்னோமொபைல், ஜெட் ஸ்கி, அதுங்களை ஏத்துற ட்ரெய்லர் எல்லாம் அடக்கம். இதுல வரலைன்னா வேற ரெண்டு கதவு இருக்கு, ஒண்ணு ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத இல்லன்னா ஓடாத வண்டி பத்தின பகுதி, இன்னொண்ணு அவுட்டோர் ஸ்டோரேஜ், அதாவது சாமானை வெட்டவெளில வைக்குறது பத்தின பகுதி. எந்தக் கதவு வழியா உங்களைப் புடிச்சிருக்காங்கன்னு நோட்டீஸ்ல செக்‌ஷன் நம்பர் இருக்கும், அதைப் பாத்தாலே தெரியும். நம்பர் இல்லையா, போன் பண்ணி அதை மட்டும் கேளுங்க, வேற எதுவும் பேச வேண்டாம்.

ஓடாத வண்டி பத்தி ஒரு வார்த்தை. டயர் எறங்கி, பேட்டரி செத்து, மேல எல குவிஞ்சு கெடக்குற ஏடிவியை ஜங்க் வெஹிக்கிள்னு எழுதிருவாங்க, அது இன்னும் மோசமான பகுதி, நாளும் கம்மியா கொடுப்பாங்க. ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக் காட்டுற நெலமைல வச்சிருங்க. அதே மாதிரி ஸ்டேட் கொடுக்குற ஆஃப் ரோடு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேனே, எல்லாம் சரியா இருக்கேன்னு வாதாடாதீங்க, கலிபோர்னியா க்ரீன் ஸ்டிக்கர் மாதிரியான சமாச்சாரம் ரோட்டுக்கு வெளிய, டிரெயில்ல ஓட்டுறதுக்கு, வீட்டு வாசல்ல நிறுத்துறதுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல. சரி வாசல்ல வேண்டாம், தெருவுல ட்ரெய்லரை விட்டுருவோம்னு போனா அங்கயும் மணிக்கணக்கு உண்டு, கலிபோர்னியாலயே லோக்கல் ரூல் இருந்தா 72 மணி நேரத்துக்கு மேல ஒரே எடத்துல நிக்குற வண்டியை டோ பண்ண (இழுத்துட்டுப் போக) சட்டம் எடம் கொடுக்குது.

இப்ப டேப்பு. என் கேஸ்ல இதுதான் முக்கியமா இருந்துச்சு அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஃப்ரன்ட் யார்டுன்னா நாம நெனைக்குறது வீட்டு முன்னாடி இருக்குற புல்லு. சட்டத்துல பெரும்பாலும் தெருப் பக்கத்து எல்லைக்கோட்டுல இருந்து வீட்டோட முன் சுவரு வரைக்கும், எடத்தோட முழு அகலத்துக்கும். அதாவது வீட்டுக்குப் பக்கவாட்டுல தானே நிக்குதுன்னு நீங்க நெனைக்குற எடமும், முன் சுவரைத் தாண்டி ஒரு அடி முன்னாடி வந்தா ஃப்ரன்ட் யார்டுதான். கார்னர் வீடா இருந்தா பாவம், நெறைய ஊருல ரெண்டு தெருப் பக்கமும் ஃப்ரன்ட் யார்டு கணக்கு, அது போக முக்குல வர்ற வண்டிக்கு மறைக்கக்கூடாதுன்னு ஒரு முக்கோணம் தனியா காலியா விடணும்.

அந்த எல்லைக்கோடு எங்க ஆரம்பிக்குதுன்னா, நடைபாதை ஓரத்துலயோ கர்ப்லயோ (ரோட்டு ஓரக் கல்லு) இல்ல. ரோடுக்குன்னு ஒதுக்குன ரைட் ஆஃப் வே கர்பைத் தாண்டி உங்க புல்லுக்குள்ள பல அடி வரும், நீங்கதான் புல்லு வெட்டுவீங்க ஆனா அது உங்க எடம் கெடையாது. வீடு வாங்குனப்ப கொடுத்த பேப்பர் கட்டுல சர்வே, அதாவது எடத்தை அளந்து போட்ட வரைபடம் இருக்கும், எடுத்துப் பாருங்க. நானும் என் மச்சானும் ஒரு சனிக்கிழமை வாடகைக்கு மெட்டல் டிடெக்டர் எடுத்துட்டு வந்து, எல்லைக்கு அடையாளமா எடத்தோட மூலைல பொதைச்சு வச்சிருக்குற இரும்புக் கம்பியைத் தேடுனோம். மொதல்ல ஒரு பழைய ஸ்ப்ரிங்க்ளர் தலை, அப்புறம் ரெண்டு ஆணி, ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு சாண் ஆழத்துல கம்பியும் அதுக்கு மேல மஞ்சள் பிளாஸ்டிக் மூடியும் கெடைச்சுது. (தோண்டுறதுக்கு முன்னாடி 811க்கு போன் பண்ணிருங்க, கேஸ் லைன் கரண்ட் லைன் எங்க போகுதுன்னு வந்து குறி போட்டுட்டுப் போவாங்க, இலவசம்.) பக்கத்து வீட்டுக்காரர் ஃபென்ஸ் எங்க எடத்துக்குள்ள 14 இன்ச் வந்திருந்தது அப்பதான் தெரிஞ்சுது. அதைப் பத்தி நான் வாயே தொறக்கல, நீங்களும் தொறக்காதீங்க, ஒரு சண்டை ஓடும்போது இன்னொண்ணு வேண்டாம்.

அளந்தாச்சுன்னா அடுத்து தரை, மறைப்பு. பின்னாடியோ பக்கவாட்டுலயோ வைக்கலாம், ஆனா புல்லு மண்ணு மேல வைக்காதன்னு நெறைய ஊரு சொல்லும், கான்க்ரீட், அஸ்ஃபால்ட் (தார்), பேவர் (தரைல பதிக்குற கல்லு) வேணும்னு கேப்பான். சரளைக்கல்லு சில ஊருல ஓகே, சில ஊருல கெடையாது, கொட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. கான்க்ரீட் போட்டா இம்பர்வியஸ் கவர்னு ஒரு லிமிட் இருக்கலாம், அதாவது எடத்துல இவ்ளோ சதவீதத்துக்கு மேல தண்ணி எறங்காத தரை இருக்கக்கூடாதுன்னு, ஏற்கனவே பெரிய பேஷியோ போட்டவங்க மாட்டிப்பாங்க. மறைப்புன்னா பொதுவா 6 அடி ஃபென்ஸ் (வேலி), கேட். நீல டார்ப்பை (தார்ப்பாய்) மூடிட்டு மறைச்சாச்சேன்னு சொன்னா ஒத்துக்கமாட்டாங்க, டார்ப்பே இன்னொரு வயலேஷனா ஆகுற ஊரும் உண்டு. கார்போர்ட் (வண்டி நிறுத்துற கூரைப் பந்தல்) செட்டு ஆன்லைன்ல வாங்கி நட்டுறலாம்னு தோணும், பெர்மிட் இல்லாம நட்டா ஒண்ணு ரெண்டாகும்.

டார்ப்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2018ல காலின்ஸ் கேஸ்னு ஒண்ணு, வர்ஜீனியால டிரைவ்வேல டார்ப் போட்டு மூடியிருந்த பைக்கை, போலீஸ்காரர் வாரன்ட் இல்லாம உள்ள நடந்து போயி தூக்கிப் பாத்துட்டாரு, சுப்ரீம் கோர்ட்டு 8க்கு 1னு அது தப்புன்னுருச்சு. கோட் இன்ஸ்பெக்டருக்கும் 1967லயே கமாரா கேஸ்ல சொல்லியாச்சு, நீங்க சம்மதிக்கலைன்னா வீட்டுக்குள்ள வந்து சோதிக்க வாரன்ட் வேணும். ஆனா இதை வச்சு பெருசா சட்டம் பேசிட வேண்டாம், ஏன்னா தெருவுல நின்னு பாத்தாலே உங்க வண்டி தெரியுது, அவரு உள்ள வரவே தேவையில்ல, போட்டோ எடுத்துட்டுப் போயிருவாரு.

ஆபீசர்கிட்ட பேசுற விதம் பத்தி. நோட்டீஸ் வந்த மறுநாளே போன் பண்ணுங்க, 10வது நாள் பண்ணாதீங்க. எந்த செக்‌ஷன், என்ன பண்ணா சரியாகும், எனக்கு இன்னும் எவ்ளோ நாள் கெடைக்கும், இந்த மூணுதான் கேள்வி. பேசி முடிச்ச உடனே, நீங்க சொன்னது இது, 30 நாள் கொடுத்தீங்க, நன்றின்னு அவருக்கே ஒரு ஈமெயில் போட்டுருங்க, ஆள் மாறுனாலும் அது பேசும். அவங்களுக்கு ஃபைன் போடுறதுல ஒண்ணும் ஆசை இல்ல, ஃபைலை மூடணும், அவ்ளோதான். கண்டுக்காம விட்டாதான் வெவகாரம், நோட்டீஸ் சைட்டேஷன் (ஃபைன் சீட்டு) ஆகும், ஃபைன் நாள் கணக்குல ஏறுற ஊரு இருக்கு, கட்டலைன்னா வீட்டு மேல லீன் (கடன் பாக்கிக்கான பிடிமானம்) வரைக்கும் போகும், விக்கும்போது அது முன்னாடி வந்து நிக்கும். அப்பீல் பண்றதா இருந்தா கடைசித் தேதியை மொதல்ல காலண்டர்ல போடுங்க, ஒரு நாள் தப்புனாலும் கேக்கமாட்டாங்க.

யாரு கம்ப்ளெய்ன்ட் பண்ணதுன்னு தோண்டாதீங்க. ஃப்ளோரிடால 2021ல இருந்து கம்ப்ளெய்ன்ட் பண்றவர் பேரு அட்ரஸ் கொடுக்கணும்னு சட்டம் இருக்கு, எல்லா ஸ்டேட்லயும் அப்படி இல்ல. அந்த வீட்டுல படகு நிக்குதே, அவனை ஏன் கேக்கலைன்னு கேக்குறதும் வேலைக்காகாது, அவரு சிரிச்சுக்கிட்டே அதையும் எழுதிப்பாரு, அப்புறம் தெருவுக்கே நீங்கதான் வில்லன்.

அடுத்து எச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம். சிட்டி ஓகேன்னாலும் எச்ஓஏ வேண்டாம்னா வேண்டாம்தான், ஏன்னா அது வீடு வாங்கும்போது நீங்க ஒத்துக்கிட்ட ஒப்பந்தம். சிட்டி அதை அமல்படுத்தாது, எச்ஓஏ சிட்டி சட்டத்தைத் தளர்த்தவும் முடியாது, ரெண்டுல எது கெடுபிடியோ அதுக்குத்தான் நீங்க அடங்கணும். சிசி அண்ட் ஆர்னு சொல்ற, எச்ஓஏ விதியெல்லாம் இருக்குற அந்தத் தடிமனான டாக்குமென்ட்ல பார்க்கிங் பகுதியைப் படிங்க. ஃப்ளோரிடால 2024ல ஒரு சட்டம் வந்துச்சு, பிக்கப் உட்பட சொந்த வண்டியை டிரைவ்வேல நிறுத்துறதை எச்ஓஏ தடுக்க முடியாதுன்னு. அதைப் பாத்துட்டு ஏடிவி ட்ரெய்லருக்கும் சேத்துதான்னு நீங்களா முடிவு பண்ணிராதீங்க, எழுத்துல கேட்டு வாங்குங்க. ஃபென்ஸ், பேட் (வண்டி நிறுத்தப் போடுற கான்க்ரீட் தளம்) எதுவா இருந்தாலும் அவங்க ஆர்க்கிடெக்சுரல் கமிட்டி அப்ரூவல் வாங்கிட்டு அப்புறம் சிட்டி பெர்மிட்டுக்குப் போங்க, மாத்திப் போனா ரெண்டு தடவ வரைபடம் போடணும்.

முன்னாடியே வச்சிருந்தேன், ரூல் அப்புறம்தான் வந்துச்சுன்னா அதுக்கு ஒரு வழி இருக்கு, லீகல் நான்கன்ஃபார்மிங்னு சொல்லுவாங்க. ஆனா தேதி போட்ட போட்டோ, ரெஜிஸ்ட்ரேஷன்னு ஆதாரம் வேணும், நடுவுல கொஞ்ச காலம் நிறுத்தாம விட்டிருந்தா உரிமை போயிருக்கும், எல்லா ஊரும் பார்க்கிங்குக்கு இதை ஒத்துக்கவும் செய்யாது. வேரியன்ஸ், அதாவது ரூல்ல இருந்து விலக்கு கேக்கலாம், ஹியரிங் நடக்கும், உங்க எடத்தோட அமைப்பே வித்தியாசம், வேற வழியே இல்லன்னு காட்டணும். பெரிய ட்ரெய்லர் வாங்கிட்டேன் கேரேஜுல நொழையலன்னா அது நீங்களா வரவழைச்சுக்கிட்ட கஷ்டம், தள்ளுபடிதான்.

கேரேஜுல நொழையுதான்னு வாங்குறதுக்கு முன்னாடி அளக்குறவங்க கம்மி. சாதாரண ஏடிவி 7 அடி நீளம், 4 அடி அகலம், காரை ஒதுக்கி வச்சா பின் சுவரு ஓரமா குறுக்க நிறுத்திரலாம். சைடு பை சைடு (ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல ஒக்காருற பெரிய வண்டி) வேற கதை, அகலமே 64 இன்ச்சு, 72 இன்ச்சுன்னு வருது, ஒரு காரோட எடத்தை முழுங்கிரும். 12 அடி ட்ரெய்லர்னு சொல்றது பெட்டோட அளவு மட்டும்தான், முன்னாடி மூக்கு நீட்டிட்டு 3, 4 அடி இருக்கும். உள்ள வச்சா பெட்ரோல் டேங்க்கை ஞாபகம் வச்சுக்கோங்க, கேரேஜுல இருக்குற கேஸ் வாட்டர் ஹீட்டரோட நெருப்பு பத்துற பகுதி தரைல இருந்து 18 இன்ச்சுக்கு மேல இருக்கணும்ங்குறது பெட்ரோல் ஆவி தரையோட தவழும்ங்குறதாலதான். பக்கத்துலயே ஏடிவியை முட்டிட்டு நிறுத்தாதீங்க.

என் கதை எப்படி முடிஞ்சுதுன்னா, பக்கவாட்டுல முன் சுவருக்குப் பின்னாடி எனக்கு 11 அடி அகலம் இருக்குன்னு அந்தக் கம்பி கெடைச்சதாலதான் நம்பிக்கையா சொல்ல முடிஞ்சுது. பெர்மிட் எடுத்து கான்க்ரீட் பேட் போட்டு, 6 அடி ஃபென்ஸும் கேட்டும் வச்சேன். ஆபீசர் வந்தாரு, பேட்டைப் பாத்தாரு, கேட்டை மூடுங்கன்னாரு, மூடுனா ட்ரெய்லரோட மூக்கு இடிச்சுக்கிட்டு 7 இன்ச்சு மூடல. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னோம். ட்ரெய்லர் மூக்கை மடக்குறதுக்கு கீல் வச்ச கிட்டு விக்குறாங்க, அடுத்த வாரம் அதைப் போட்டு, கேட் மூடுன போட்டோவை ஈமெயில்ல அனுப்புனேன். மறுநாள் ஒரே வரில பதில், கேஸ் க்ளோஸ்டு. மஞ்சக் கட்டத்துல மட்டும் இன்னும் புல்லு மொளைக்கல.