மழை எதிராளிக்கும்தான் பெய்கிறது: போக்கிமான் வெதர் டீமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஞாயிறு இரவு, ஆன்லைனில் ரேங்க் ஆட்டம். பெலிப்பர், பாஸ்குலீஜியன் என்ற இரண்டு போக்கிமான்களை லீடாக, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் ஜோடியாக, இறக்கினேன். பெலிப்பரின் டிரிசில் எபிலிட்டியால் (எபிலிட்டி என்றால் ஒரு போக்கிமானுக்கு உள்ள, தானாக வேலை செய்யும் திறன்) மழை கொட்டத் தொடங்கியது. மழையில் வேகமூட்டும் ஸ்விஃப்ட் ஸ்விம் எபிலிட்டி இருந்ததால் பாஸ்குலீஜியனின் ஸ்பீடு இரட்டிப்பானது. எதிரே நின்ற இரண்டையும் அது இப்போது சுலபமாக முந்தும். வேவ் கிராஷ் என்ற வாட்டர் அட்டாக்கை அழுத்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். எதிராளி தன்னுடைய ஒரு போக்கிமானைத் திரும்ப அழைத்துக்கொண்டு டோர்கோலை இறக்கினார். அதன் எபிலிட்டி டிரவுட். பளீரென்று வெயில்.

ஸ்விட்ச் எப்போதும் அட்டாக்குக்கு முன்னால் நடந்துவிடும். அதனால் என் வேவ் கிராஷின் முறை வந்தபோது வானத்தில் ஒரு துளி இல்லை. மழையில் ஒன்றரை மடங்காக விழவேண்டிய அடி வெயிலில் பாதியாகிவிட்டது. நான் போட்டிருந்த கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான் விழுந்தது. போக்கிமான் ஆட்டங்களின் 8ஆம் தலைமுறையிலிருந்து ஸ்பீடு மாற்றம் அதே டர்னிலேயே கணக்கில் வந்துவிடும். ஆகவே வேகமும் போய், முதல் அடியை வாங்கியது நான்தான்.

வெதர் டீம், அதாவது மழை, வெயில், மணல், பனி என ஒரு வானிலையை நம்பிக் கட்டும் அணி, போடுகிறவர்களின் தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் முளைக்கின்றன. மழையை நம் பக்கத்துச் சொத்தாக நினைத்துவிடுகிறோம். அது களத்தின் சொத்து. இருவருக்கும் பொது, கெடு வைத்த பொருள், எவர் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். இங்கே நான் பேசுவது ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களில் ஆடும் டபுள்ஸ் பற்றி: ஆறைக் காட்டி நான்கைக் கொண்டுபோவது, எல்லாம் லெவல் 50.

<b>டர்ன் எண்ணாமல் ஆடுவது</b>

மழை 5 டர்ன், மழை போடுகிறது டேம்ப் ராக் என்ற பொருளைப் பிடித்திருந்தால் 8. இது எல்லோருக்கும் தெரியும். அந்த 5 எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். பெலிப்பர் லீடாக வந்தால் முழுசாக 5 டர்ன் கிடைக்கும். ஆட்ட நடுவில் ஸ்விட்ச் செய்து கொண்டுவந்தால் அந்த ஸ்விட்ச் செய்த டர்னும் கணக்கில் போய்விடும், கையில் மிஞ்சுவது 4. ஒன்று விழுந்த பிறகு அதன் இடத்துக்கு வந்தால் மறுபடியும் முழு 5, ஏனென்றால் அந்த டர்னின் கணக்கு அதற்குள் முடிந்திருக்கும். இதனால்தான் பெலிப்பரை அவசரப்பட்டு உள்ளே இழுப்பதைவிட, ஏதாவது ஒன்று விழும்வரை பொறுத்திருப்பது பல ஆட்டங்களில் லாபம்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு, புதிதாக வருகிறவர்கள் அத்தனை பேரும் ஒருமுறையாவது செய்வார்கள். மழைக்கு இன்னும் ஒரு டர்ன்தான் பாக்கி. 'சரி, பெலிப்பரை மறுபடி இறக்கிப் புதுப்பித்துக்கொள்வோம்' என்று ஸ்விட்ச் செய்வார்கள். ஏற்கெனவே மழை பெய்துகொண்டிருந்தால் டிரிசில் ஒன்றும் செய்யாது. கெடு நீளாது, புதிதாகவும் தொடங்காது. பெலிப்பர் வந்து நிற்கும், அந்த டர்ன் முடிவில் மழை நிற்கும், பெலிப்பர் வெறும் பறவையாக நனையாமல் நின்றுகொண்டிருக்கும். மழை முழுசாக நின்ற பிறகுதான் அதைக் கொண்டுவர வேண்டும். இடையில் வருகிற அந்த ஒரு வறண்ட டர்னை, அடிகளைத் தடுக்கும் புரொடெக்ட் வைத்துத் தாண்டப் பழகுங்கள்.

எதிராளியும் இதே கணக்கைப் போடுவார் என்பதை மறக்க வேண்டாம். நன்றாக ஆடுகிறவர் உங்கள் மழையை அடித்து நிறுத்த மாட்டார். இரண்டு புரொடெக்ட், அடிபட்டதை அந்த டர்ன் அசையவிடாத ஒரு ஃபேக் அவுட், ஒரு ஸ்விட்ச் என்று உங்கள் 5 டர்னை 2 டர்னாகச் சுருக்கிவிடுவார்.

<b>இருவரும் ஒரே நேரத்தில் இறக்கினால்</b>

லீடில் இரு பக்கமும் வெதர் போடுகிறவை வந்தால் வேகமானதன் எபிலிட்டி முதலில் வேலை செய்யும், மெதுவானது அதன்மேல் தன்னுடையதைப் போடும். ஆக நிலைப்பது மெதுவானதன் வெதர். மற்ற எல்லா இடத்திலும் வேகத்துக்கு அலைகிற நாம் இங்கே மட்டும் ஆமையாக இருக்க ஆசைப்பட வேண்டும். நிஜமாகவே ஆமையான டோர்கோலின் அடிப்படை ஸ்பீடு 20. அதை லீடில் எவரும் ஜெயிக்க முடியாது, முயலவும் வேண்டாம்.

மணற்புயல் கிளப்பும் டைரனிட்டாரோடு மோதும்போதுதான் கணக்கு சுவாரசியமாகிறது. பெலிப்பரின் அடிப்படை ஸ்பீடு 65, டைரனிட்டாருடையது 61. இரண்டுக்கும் ஸ்பீடில் ஈ.வி. (பயிற்சிப் புள்ளி) எதுவும் போடாமல், ஸ்பீடைத் தொடாத நேச்சர் (ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும் குணம்) கொடுத்தால் லெவல் 50இல் பெலிப்பர் 85, டைரனிட்டார் 81. வித்தியாசம் நான்குதான், ஆனால் அதனால் மணற்புயல்தான் நிலைக்கும். அதே பெலிப்பருக்கு ஸ்பீடைக் குறைக்கும் நேச்சரைக் கொடுத்தால் 76 ஆகும், இப்போது மழை நிலைக்கும். டைரனிட்டார்க்காரரும் இதே வேலையைச் செய்தால்? அதை 59 வரை இறக்க முடியும், பெலிப்பர் 63க்குக் கீழே போகாது. அந்த அளவுக்கு இறங்குகிறவர்கள் குறைவு என்பதால் 76லேயே நான் திருப்தியாக இருக்கிறேன். மெதுவான பெலிப்பருக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. எதிராளி அடித்து முடித்த பிறகு அடித்துவிட்டு இடம் மாறும் யூ-டர்ன் போட்டு வெளியேறும், பின்னால் வருகிறவன் அடி வாங்காமல் இறங்குவான்.

பனி வரவைக்கும் அலோலா நைன்டேல்ஸ் வைத்திருப்பவர்கள் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். அதன் அடிப்படை ஸ்பீடு 109. வேகமாக அரோரா வெயில் (அடியின் பலத்தைக் குறைக்கும் திரை) போட்டுவிடலாம் என்றுதான் அதை எடுக்கிறார்கள். எதிரே டைரனிட்டாரோ பெலிப்பரோ கூடவே இறங்கினால் பனி அந்த நொடியே போய்விடும், பனி இல்லாமல் அரோரா வெயில் ஃபெயில் ஆகும். ஆட்டத்துக்கு முன் இரு அணிகளையும் காட்டும் டீம் பிரிவ்யூவில் மெதுவான வெதர் ஆள் தெரிந்தால் நைன்டேல்ஸைப் பின்னால் வைத்து, அது வந்துபோன பிறகு இறக்குங்கள். ஒருமுறை வெயில் விழுந்துவிட்டால் பனி போனாலும் அது போகாது. (இந்த வெயில் திரை என்ற பொருளில் வருவது, சூரிய வெயில் இல்லை. தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பம் எனக்கே வருகிறது.)

<b>வேகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது</b>

ஸ்விஃப்ட் ஸ்விம், குளோரோஃபில், சேண்ட் ரஷ், ஸ்லஷ் ரஷ் எல்லாமே அந்தந்த வெதரில் ஸ்பீடை இரட்டிப்பாக்கும். அது தெரிந்தும் பலர் பழக்கதோஷத்தில் ஸ்பீடுக்கு 252 ஈ.வி. கொடுத்துவிடுகிறார்கள். ஸ்விஃப்ட் ஸ்விம் உள்ள கிங்ட்ராவை எடுத்துக்கொள்வோம். ஸ்பீடுக்கு ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் லெவல் 50இல் அதற்கு 105 இருக்கிறது, மழையில் 210. முழு ஸ்பீடு போட்ட ஃப்ளட்டர் மேன் 205தான். ஒரு ஈ.வி. கூடச் செலவழிக்காமல் அதை முந்திவிட்டோம், மொத்தத்தையும் உடம்பில் போடலாம்.

இதன் மறுபக்கம், மழை போனதும் அந்தக் கிங்ட்ரா 105இல் தவழும். அதனால் இதற்குப் பொதுவான விடை கிடையாது, யாரை முந்த வேண்டும் என்று பெயர் சொல்லி முடிவு செய்ய வேண்டும். பாஸ்குலீஜியனுக்கு முழு ஸ்பீடு, அதோடு ஸ்பீடு நேச்சரும் கொடுத்தால் மழையில் 286. நேச்சரை அட்டாக்குக்குக் கொடுத்தால் 260. பூஸ்டர் எனர்ஜி என்ற பொருளால் ஸ்பீடு ஏற்றிய ஃப்ளட்டர் மேன், நேச்சரைப் பொறுத்து 280 அல்லது 307 இருக்கும். முதல் பாஸ்குலீஜியன் 280ஐ முந்தும், இரண்டாவது முந்தாது. 307ஐ இரண்டுமே முந்தாது. 'மழையில் எல்லோரையும் முந்துவேன்' என்று நினைத்து ஆடுகிறவர் விழுவது இங்கேதான்.

மெதுவானதை முதலில் ஆடவிடும் டிரிக் ரூம் விழுந்தால் இரட்டிப்பான ஸ்பீடு உங்களையே கடைசிக்குத் தள்ளும். கிராஸ் டைப்பான ரில்லபூமின், புல்தரையில் எல்லோரையும் முந்திப் பாயும் கிராஸி கிளைடுக்கு உங்கள் ஸ்பீடு 286ஆ 28ஆ என்பது பொருட்டே இல்லை.

<b>நம் வெதர் நம்மையே அடிப்பது</b>

மணற்புயல் ராக், கிரவுண்ட், ஸ்டீல் டைப் தவிர மற்றவற்றின் உயிரில் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் பதினாறில் ஒரு பங்கைத் தின்னும். டைரனிட்டார் பக்கத்தில் வீழ்த்தும் அடியிலும் 1 எச்.பி. மிஞ்சவைக்கும் ஃபோகஸ் சாஷ் பிடித்த ஒன்றை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முழு உயிர் இருந்தால்தான் சாஷ் வேலை செய்யும். முதல் டர்ன் முடிவிலேயே சொந்த மணல் அதை வீணாக்கிவிடும். எச்.பி. 202 உள்ள இன்சினரோர் ஐந்து டர்ன் மணலில் நின்றால் 60 போய்விடும். எதிராளி கை வைக்காமலே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலி.

மழையில் நஷ்டம் இப்படிக் கண்ணில் படாது. எதிரே வாட்டர் டைப்பான ராப்பிட் ஸ்டிரைக் அர்ஷிஃபு இருக்கும்போது மழை போடுகிறீர்கள் என்றால், எப்போதும் கிரிட்டிக்கலாகவே விழும் அதன் சர்ஜிங் ஸ்டிரைக்ஸுக்கு நீங்களே ஒன்றரை மடங்கு பலம் கொடுக்கிறீர்கள். டீம் பிரிவ்யூவில் அவருக்கு என் மழை என்ன தரும் என்று ஒரு பத்து விநாடி யோசித்தால் போதும், சில ஆட்டங்களில் பெலிப்பரைக் கொண்டுபோகாமலே இருப்பது நல்லது என்று புரியும். அதற்கு ஆறில் மழை இல்லாமல் ஆடக்கூடிய நான்கு இருக்க வேண்டும். மழை டீம் என்றால் நான்கு வாட்டர் டைப்பை அடுக்குகிறவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது, ஒரு ரில்லபூம் வந்தாலே ஆட்டம் முடிந்தது. 2024இல் பெலிப்பர் பக்கத்தில் ஆர்க்கலூடான் அவ்வளவு நின்றதற்கு ஒரு காரணம் அது வாட்டர் டைப் இல்லை என்பது. மழை இருந்தால் அதன் எலக்ட்ரோ ஷாட் அட்டாக் சார்ஜ் ஏறாமல் உடனே பாயும். மழை போனால் ஒரு டர்ன் தாமதம், ஆனாலும் ஸ்பெஷல் அட்டாக் ஏறியிருக்கும்.

2016இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் போட்டியை வுல்ஃப் கிளிக் வென்ற அணியில் மழை வரவைக்கும் கயோகரும் ரேக்வாசாவும் சேர்ந்து இருந்தன. அந்தக் காலத்துப் பிரைமல் கிரவுடனின் வெயிலில் வாட்டர் அட்டாக் விழவே விழாது, ஆவியாகிவிடும். கயோகரின் மழை போனால் மெகா ரேக்வாசாவின் காற்றாவது அந்த வெயிலைக் கலைக்கும். மழையை இழந்தால் என்ன செய்வது என்பதற்குப் பதில் அணிக்குள்ளேயே இருந்தது.

<b>பழைய குறிப்புகளை நம்புவது</b>

தேடினால் கிடைக்கும் வெதர் குறிப்புகளில் பல வேறு காலத்து ஆட்டத்துக்கானவை. 3 முதல் 5ஆம் தலைமுறை வரை எபிலிட்டியால் வந்த மழை யாராவது மாற்றும்வரை நிற்காது. 5 டர்ன் கெடு வந்தது 2013இல், 6ஆம் தலைமுறையில்தான். அதேபோல் 2022இல் ஆலங்கட்டி போய்ப் பனி வந்தது. பனி யாரையும் அடிக்காது, ஐஸ் டைப்பின் டிஃபென்ஸை ஒன்றரை மடங்காக்கும். மணலில் ராக் டைப்புக்கு ஏறுவது ஸ்பெஷல் டிஃபென்ஸ். இரண்டையும் மாற்றி நினைவு வைத்திருப்பவர்கள் ஏராளம். இன்னொன்று, இந்தப் பலன் டைப்பைப் பொறுத்தது. ஐஸ் அல்லாத டைப்புக்கு டெரா செய்த (ஆட்டத்தின் நடுவே டைப்பை மாற்றிய) நொடியில் நைன்டேல்ஸுக்கு அந்தக் கவசம் போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தோல்விக்குப் பிறகு பெலிப்பரிடமிருந்து ஹைட்ரோ பம்ப்பை எடுத்துவிட்டு வெதர் பால் கொடுத்தேன். எந்த வெதர் இருக்கிறதோ அந்த டைப்புக்கு அது மாறிக்கொள்ளும், பலமும் 50இலிருந்து 100 ஆகும். இரண்டு வாரம் கழித்து வேறொருவர் அதேபோல் டோர்கோலை இறக்கி என் மழையைப் பிடுங்கினார். பக்கத்தில் அவருடைய ரில்லபூம் நின்றுகொண்டிருந்தது. நான் வெதர் பாலை அதன்மேல் போட்டேன். வெயிலில் அது ஃபயர் டைப்பாகப் போனது. பெலிப்பர் வாயிலிருந்து நெருப்பு வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.